“தகுதி” என்னும் புதிய தலையெழுத்து

நமது நாட்டில் ஒரு காலத்தில், ஒருவன் ஏன் ஏழையாய் இருக்கின்றான், ஏன் படிப்பில்லாமல் இருக்கின்றான், ஏன் தலைமுறை தலைமுறையாய் மற்றவனுடைய மலத்தை அள்ளிக்கொண்டிருக்கின்றான் என்று யாராவது கேட்டால், அதற்கு ஒரே பதில்தான் சொல்லப்பட்டு வந்தது. “அது அவன் தலையெழுத்து, பூர்வ ஜென்மத்துக் கர்மபலன்” என்பதே அந்தப் பதில். அந்த எழுத்தை எழுதியவன் யார், எந்தப் பாஷையில் எழுதினான், அதைப் படித்துப் பார்த்தவன் யார் என்று நாம் திருப்பிக் கேட்க ஆரம்பித்த பிறகு, அதைப் பகிரங்கமாகச் சொல்லப் பலர் வெட்கப்பட வேண்டியதாயிற்று. ஆனால், பதில் மறைந்ததே ஒழிய, அதனால் லாபமடைந்து வந்தவர்களின் எண்ணம் மறையவில்லை. ஆகவே பழைய சரக்கை வேறு பெயரில் விற்க ஆரம்பித்திருக்கின்றார்கள். அந்தப் புதிய பெயர்தான் “தகுதி” என்பதாகும்.

இந்தத் “தகுதி” என்னும் வார்த்தை மற்ற இடங்களைவிட வைத்தியக் கல்லூரி வாசலில்தான் அதிகமாகக் கேட்கின்றது. ஏழைப் பிள்ளைக்கு ஓர் இடம் ஒதுக்க வேண்டும் என்றால், “உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாயிற்றே, தகுதி பார்க்க வேண்டாமா?” என்று உடனே கூச்சல் கிளம்புகின்றது. தகுதி பார்க்க வேண்டியதுதான். வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால், அவர்கள் பார்ப்பது தகுதியைத்தானா அல்லது தகப்பனுடைய பணப்பையையா என்பதே நமது கேள்வி.

இந்த வழக்கு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி உத்தரவு அமுலில் இருந்தபோது, வைத்தியக் கல்லூரியிலும் என்ஜினீயரிங் கல்லூரியிலும் ஒவ்வொரு 14 இடத்திலும் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டவர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பங்கிடப்பட்டு வந்தது. இது புதிய அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 1950-இல் சென்னை ஹைகோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. 1951 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. தமிழ்நாடு சும்மா இருக்கவில்லை; பெருங்கிளர்ச்சி நடந்தது. அதே வருஷம் ஜூன் மாதத்தில் அரசியல் சட்டம் முதல் தடவையாகத் திருத்தப்பட்டு, பிற்பட்டவர்களுக்குத் தனி ஏற்பாடு செய்ய இடங்கொடுக்கும் பிரிவு அதில் சேர்க்கப்பட்டது. கடவுள் எழுதியதாகச் சொல்லப்பட்ட எழுத்தைத்தான் திருத்த முடியாதாம். மனிதன் எழுதிய சட்டத்தை மனிதனே திருத்திக்கொள்ளலாம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

நிற்க. இன்றைய நிலைமையைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 2007 முதல் நுழைவுப் பரீட்சை எடுபட்டு, 12-ஆம் வகுப்பு மார்க்கின்படியே வைத்தியக் கல்லூரியில் பிள்ளைகள் சேர்க்கப்பட்டு வந்தார்கள். 2017-இல் “நீட்” என்னும் அகில இந்தியப் பரீட்சை நம் தலையில் வந்து விழுந்தது. அதன் பலன் என்ன? நம் நாட்டில் மேல்வகுப்பில் படிக்கும் பிள்ளைகளில் ஏறக்குறைய 10-இல் 4 பேர் சர்க்கார் பள்ளிக்கூடத்தில் படிக்கின்றார்கள். ஆனால் 2019-20-இல் அந்தப் பள்ளிக்கூடங்களிலிருந்து வைத்தியக் கல்லூரிக்குள் நுழைந்தவர்கள் 6 பேர்! ஆறு நூறு அல்ல, ஆறு பத்துக்கூட அல்ல, வெறும் 6 பேர்! தமிழ்நாடு முழுவதிலும் உள்ள ஏழைப் பிள்ளைகளில் ஆறு பேருக்குத்தான் மூளை இருந்தது என்று எந்தப் பைத்தியக்காரனாவது சொல்வானா?

அப்படியானால் காரணம் என்ன? இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுவோம். ஒருவன் பட்டணத்துப் பையன். அவனுடைய தகப்பன் உத்தியோகஸ்தன். பையன் 9-ஆம் வகுப்பிலேயே தனிப்பயிற்சிக் கூடத்தில் சேர்க்கப்படுகின்றான். முதல் தடவை மார்க்கு போதாவிட்டால், ஒரு வருஷம் வேறு வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்து அதே பாடத்தை மறுபடியும் படிக்கின்றான். அதுவும் போதாவிட்டால் இன்னும் ஒரு வருஷம். மற்றொருத்தி கிராமத்துப் பெண். தகப்பனுக்குக் கூலி வேலை. விடியற்காலையில் தண்ணீர் எடுத்து, தம்பிக்குச் சோறு போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போகின்றாள். அவளுக்குத் தவறினால் தவறியதுதான். மறுவருஷம் வீட்டில் உட்கார வைத்துச் சோறு போட யாரால் முடியும்? ஒன்று பனியன் கம்பெனி, இல்லாவிட்டால் கலியாணம்.

இது நமது கற்பனை என்று நினைக்கவேண்டாம். நீதிபதி ஏ.கே.ராஜன் கமிட்டி 2021-இல் கொடுத்த அறிக்கையைப் பாருங்கள். வைத்தியக் கல்லூரியில் சேர்ந்தவர்களில் முந்திய வருஷமே 12-ஆம் வகுப்பு முடித்துவிட்டு மறுபடியும் முயன்று வந்தவர்கள் 2016-17-இல் 100-க்கு 12 பேராக இருந்தார்கள். 2020-21-இல் அவர்கள் 100-க்கு 71 பேராக ஆகிவிட்டார்கள்! அதாவது, ஒரு வருஷம் சும்மா உட்கார்ந்து படிக்க வசதியுள்ளவனுக்கே பெரும்பாலும் வைத்தியப் படிப்பு என்று ஆகிவிட்டது. இதற்குத் தகுதி என்று பெயரா, வசதி என்று பெயரா?

இன்னும் ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். 2024-இல் இந்தப் பரீட்சையில் 13 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் “தகுதி” பெற்றதாகச் சொல்லப்பட்டார்கள். இந்தியா முழுவதும் இருந்த இடமோ ஒரு லட்சத்துச் சொச்சந்தான். சர்க்கார் கல்லூரியில் இடம் கிடைக்காத ஏழைப் பிள்ளை, தனியார் கல்லூரியின் கட்டணத்தைக் கேட்டவுடனே திரும்பிப் போய்விடுகின்றது. அதைவிட எத்தனையோ ஆயிரம் படி கீழே நிற்கும் பணக்காரப் பிள்ளை, பணத்தைக் கட்டிவிட்டு உள்ளே போய்விடுகின்றது. அப்போது தகுதிக்காரர்கள் ஒருவரும் வாய் திறப்பதில்லை! 2023 செப்டம்பரில் மேல்படிப்புக்கான நீட் பரீட்சையில், காலியாகக் கிடந்த இடங்களை நிரப்புவதற்காகத் தகுதி எல்லையைப் பூஜ்யம் பெர்சன்டைலுக்கே இறக்கினார்கள். அதாவது, பரீட்சை எழுதியவர்கள் எல்லோரும் தகுதியானவர்களே! ஏழைக்கு அரை மார்க்கு குறைத்தால் உயிர் போய்விடும் என்று அழுதவர்களின் கண்ணீர் அன்றைக்கு எங்கே போயிற்று என்று கேட்கின்றோம்.

இந்த அநியாயத்துக்கு ஒரு சிறு பரிகாரமாகத்தான் 2020-இல் தமிழ்நாட்டுச் சட்டசபை ஒரு சட்டம் செய்தது. 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை சர்க்கார் பள்ளிக்கூடத்தில் படித்து, நீட் பரீட்சையிலும் தேறியவர்களுக்கு 100-க்கு 7½ இடம் என்பது அந்தச் சட்டம். நீதிபதி கலையரசன் கமிஷன் சிபார்சு செய்தது 10. சர்க்கார் கொடுத்தது 7½. அதற்கே எவ்வளவு எதிர்ப்பு! எவ்வளவு வழக்கு! கடைசியில் 2022 ஏப்ரலில் சென்னை ஹைகோர்ட்டு சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. சட்டம் வந்த முதல் வருஷத்திலேயே எம்.பி.பி.எஸ். வகுப்பில் 313 இடங்கள் இந்தப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்பட்டன. முந்திய வருஷம் 6. இந்த வருஷம் 313. ஒரே வருஷத்தில் ஏழைகளின் மூளை ஐம்பது மடங்கு வளர்ந்துவிட்டதா? இல்லை. கதவு கொஞ்சம் திறந்தது, அவ்வளவுதான்.

“இப்படிச் சேர்ந்தவர்கள் நல்ல வைத்தியர்களாவார்களா?” என்று கேட்பார்கள். உள்ளே நுழைவதற்குத்தான் தனி வழியே தவிர, வெளியே வருவதற்குத் தனிப் பரீட்சை கிடையாது. உடற்கூறு, மருந்து, அறுவை எல்லாவற்றிலும் மற்றவர்கள் எழுதும் பரீட்சையையே இவர்களும் எழுதித் தேறியாக வேண்டும். அமெரிக்காவில் கலிபோர்னியா சர்வகலாசாலையின் டேவிஸ் வைத்தியக் கல்லூரியில், தனிச் சலுகையில் சேர்ந்தவர்களையும் மற்றவர்களையும் 20 வருஷக் கணக்கு எடுத்து ஒத்துப் பார்த்து 1997-இல் வெளியிட்டார்கள். மற்றவர்களில் 100-க்கு 98 பேர் பட்டம் பெற்றிருந்தார்கள். சலுகையில் சேர்ந்தவர்களில் 94 பேர். உலகம் முழுகிப் போய்விடவில்லை!

ஆனால், கதவைத் திறந்துவிட்டதோடு வேலை முடிந்துவிட்டது என்று நமது தோழர்கள் நினைத்துவிடக்கூடாது. 2020-இல் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தும், கட்டணத்தைக் கேட்டுச் சில பிள்ளைகள் வேண்டாம் என்று கண்ணீரோடு திரும்பினார்கள். அதன் பிறகே சர்க்கார் அந்தச் செலவை ஏற்றுக்கொள்வதாக அறிவித்தது. அதோடு, 12 வருஷம் தமிழில் படித்த பிள்ளை திடீரென்று தலையணை அளவு இங்கிலீஷ் புஸ்தகத்தின் முன் உட்கார வைக்கப்படுகின்றது. முதல் வருஷத்தில் அது தடுமாறினால், “பார்த்தீர்களா, தகுதியில்லை” என்று சொல்ல ஒரு கூட்டம் தயாராயிருக்கின்றது. லண்டனில் கிங்ஸ் காலேஜ் என்னும் கல்லூரி 2001 முதல் என்ன செய்கின்றது? வசதியில்லாத பள்ளிகளிலிருந்து வரும் பிள்ளைகளைக் குறைந்த மார்க்கில் எடுத்துக்கொண்டு, 5 வருஷப் படிப்பை 6 வருஷமாக்கி, ஆரம்பப் பாடத்தை நிதானமாக, கூடுதல் உதவியோடு நடத்துகின்றது. கடைசிப் பரீட்சை எல்லோருக்கும் ஒன்றே. நம் நாட்டிலும் முதல் வருஷத்தில் இங்கிலீஷுக்கும் பாடத்துக்கும் தனி உதவி ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது நமது கோரிக்கை. அது பிச்சையல்ல, 12 வருஷம் நல்ல பள்ளிக்கூடம் கொடுக்காத சர்க்கார் தீர்க்க வேண்டிய கடன்.

இதில் ஏழைப் பிள்ளையின் லாபம் மாத்திரம் அடங்கியிருக்கவில்லை; நோயாளியின் லாபமும் அடங்கியிருக்கின்றது. ஒரு கிழவி ஆஸ்பத்திரிக்கு வந்து, “நெஞ்சைப் பிசையுது சாமி, ராத்திரியெல்லாம் கிறுகிறுன்னு வருது” என்கின்றாள். அதைக் கேட்டு, அந்தப் பாஷையிலேயே அடுத்த கேள்வியைக் கேட்கத் தெரிந்த வைத்தியன் வேண்டுமா, அல்லது அவள் பக்கத்தில் வருவதற்கே முகஞ்சுளிப்பவன் வேண்டுமா? களத்துமேட்டில் பாம்பு கடித்தவனை ஏன் மந்திரிக்கிறவனிடம் முதலில் தூக்கிப் போனார்கள் என்று கோபிப்பதோடு நிற்காமல், அடுத்த தடவை நேரே ஆஸ்பத்திரிக்கு வரும்படி அந்த வீட்டுக்காரர்களுக்கு அவர்கள் பேச்சிலேயே சொல்லக்கூடியவன் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த வைத்தியன்தான். அந்த அறிவுக்கு எந்தப் பரீட்சையில் மார்க்கு போடுகின்றார்கள்?

கடைசியாக நம்மவர்களுக்கும் சில வார்த்தை சொல்ல வேண்டியிருக்கின்றது. மேடையில் சமத்துவம் பேசிவிட்டு, சொந்தப் பிள்ளையை மாத்திரம் பணங்கட்டிப் படிக்கும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகின்ற தோழர்கள் நம்மிலும் அநேகர் இருக்கின்றார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான உபாத்தியாயர் இல்லாமல் ஆறு மாதம் கிடந்தாலும் ஒரு மனுப்போட நமக்கு நேரமில்லை. பிறகு, பிள்ளை பரீட்சைக்குப் போகும் நாளில் பேனாவைச் சாமி முன் வைத்துக் கும்பிடுவதும், தாயத்துக் கட்டுவதும்! தாயத்துக்குக் கொடுத்த காசுக்கு ஒரு புஸ்தகம் வாங்கிக் கொடுத்திருந்தால் அது பிரயோஜனப்பட்டிருக்கும். சட்டம் தெரியாமல் நடுவில் இரண்டு வருஷம் தனியார் பள்ளிக்குப் பிள்ளையை மாற்றி, உள்ள உரிமையையும் பறிகொடுத்துவிட்டுத் தலையெழுத்தை நோகின்ற பெற்றோரும் உண்டு.

நீட் பரீட்சையிலிருந்து விலக்குக் கேட்டுத் தமிழ்நாட்டுச் சட்டசபை 2021-இலும், திருப்பி அனுப்பப்பட்ட பிறகு 2022-இலும் மசோதா நிறைவேற்றியது. ராஷ்டிரபதியின் சம்மதம் மறுக்கப்பட்டது என்ற செய்தி 2025-இல் வந்தது. 1951-இல் அரசியல் சட்டத்தையே திருத்த வைத்த நாட்டுக்கு இது ஒரு முடிவாகிவிடாது. அந்தக் கிளர்ச்சி ஒரு பக்கம் நடக்கட்டும். ஆனால் அது ஜெயிக்கும்வரை, ஒவ்வொரு ஊரிலும் உள்ள தோழர்கள் தங்கள் ஊர் சர்க்கார் பள்ளிக்கூடத்துக்குள் ஒரு தடவை போய், எந்த உபாத்தியாயர் இல்லை, சோதனைச்சாலை பூட்டிக் கிடக்கின்றதா, எந்தப் பிள்ளை படிப்பை நிறுத்தப் போகின்றது என்று விசாரித்து, வேண்டியதைச் செய்ய வேண்டும். அந்தக் கிராமத்துப் பெண்ணின் நெற்றியில் எவனும் எதையும் எழுதி வைத்திருக்கவில்லை. எழுத வேண்டிய பேனா அவள் கையிலேயே இருக்கின்றது. அதை யாரும் பிடுங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதே நமது வேலை.