எலிசபெத் கேஸ்கெல் யார் தயவிலும் எழுதவில்லை

ஆங்கில நாவல் வரலாறு சொல்லும் கையேடுகளில் எலிசபெத் கேஸ்கெலுக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருப்பார்கள். எதைப் புரட்டினாலும் அந்தப் பத்தி ஏறக்குறைய ஒன்றுதான். மான்செஸ்டர் நகரத்துப் போதகர் ஒருவரின் மனைவி. பிள்ளையைப் பறிகொடுத்த துக்கத்தை ஆற்றிக்கொள்ள எழுத உட்கார்ந்தார். சார்ல்ஸ் டிக்கன்ஸ் கைதூக்கிவிட்டார். சார்லட் பிராண்டேயின் வாழ்க்கை வரலாற்றை எழுதியதால் பெயர் நிலைத்தது. மென்மையான மனசு, இதமான நடை.

இதில் எதுவும் முழுப் பொய் இல்லை. அதனால்தான் இத்தனை காலம் செலாவணியில் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தால் நமக்குக் கிடைப்பவர், கணவர், பத்திரிகை ஆசிரியர், புகழ்பெற்ற தோழி என்று யாரையாவது பற்றிக்கொண்டு நிற்கும் ஒரு பெண்மணி. 1966இல் அவருடைய கடிதங்கள் தொகுப்பாக வெளிவந்த பிறகும் இந்தப் படம் மாறவில்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கடிதங்களில் இருப்பவர் கூலி பேசத் தெரிந்தவர், வெட்டச் சொன்னால் வெட்ட மறுத்தவர், எந்தக் கதை எந்தப் பத்திரிகைக்கு என்று தானே தீர்மானித்தவர்.

துக்கத்தில் பிறந்த எழுத்து என்பதை முதலில் பார்ப்போம். 1845இல், ஒரு வயதுகூட நிரம்பாத மகன் வில்லியம், ஸ்கார்லெட் காய்ச்சலில் இறந்துபோனான். மனம் வேறெதிலாவது ஈடுபடட்டும் என்று நாவல் எழுதச் சொன்னவர் கணவர். இதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு எட்டு வருஷம் முன்பே, 1837இல், ஏழைகளைப் பற்றி அவரும் கணவரும் சேர்ந்து எழுதிய கவிதை ‘பிளாக்வுட்ஸ்’ இதழில் வந்துவிட்டது. 1840இல் அவர் எழுதிய ஒரு பழைய மாளிகையின் வருணனையை வில்லியம் ஹோவிட் தன் புத்தகத்தில் சேர்த்துக்கொண்டார். துக்கம் அவரை எழுத்தாளர் ஆக்கவில்லை. ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தவரைப் பெரிய வடிவத்துக்குத் தள்ளியது, அவ்வளவுதான்.

எதை எழுதுவது என்பதையும் அவரேதான் முடிவு செய்தார். அப்படி எழுதிய நாவலான ‘மேரி பார்ட்டன்’ முன்னுரையில் அவரே சொல்கிறார்: முதலில் நூறு வருஷத்துக்கு முந்தைய யார்க்‌ஷயர் எல்லைப்புறக் கதை ஒன்றைத் தொடங்கினார், கொஞ்சம் எழுதியும் ஆயிற்று. பிறகு, தினமும் தெருவில் தன்மேல் இடித்துக்கொண்டு போகிற ஆலைத் தொழிலாளிகளின் வாழ்க்கையில் இல்லாத கதையா என்று தோன்ற, அதைத் தூக்கி வைத்துவிட்டார். ஆறுதல் மட்டும் தேடியவருக்குப் பழங்கதையே போதும். 1840களின் மான்செஸ்டரில் வேலையிழந்த நெசவாளியைக் கதாநாயகனாக்கி, அவன் கையாலேயே முதலாளி மகனைக் கொல்லவைத்த நாவலை ஆறுதலுக்காக யாரும் எழுத மாட்டார்கள். அவருடைய கணவர் போதித்த கிராஸ் ஸ்ட்ரீட் யூனிடேரியன் சபையில் ஆலை முதலாளிகள் இருந்தார்கள். அவர்களும் படிக்கப்போகும் புத்தகம் அது. முதலாளிகள் பக்கம் நியாயம் செய்யவில்லை என்று பலத்த கண்டனம் எழுந்தது.

கணவர் உதவினாரா? உதவினார். லங்காஷயர் வட்டார வழக்கு பற்றி அவர் ஆற்றிய இரண்டு சொற்பொழிவுகள் பின்னாளில் ‘மேரி பார்ட்டன்’ பதிப்பிலேயே இணைக்கப்பட்டன. அதே சமயம், ஒரு கதைக்கு வந்த 20 பவுண்டை அவர் அமைதியாகத் தன் சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டார் என்று கேஸ்கெல் ஒரு தோழிக்கு எழுதியிருக்கிறார். அன்றைய சட்டப்படி மனைவியின் சம்பாத்தியம் கணவனுடையது. அந்தச் சட்டம் மாறத் தொடங்கியதே 1870இல்தான், கேஸ்கெல் இறந்து ஐந்து வருஷம் கழித்து. அப்படிப்பட்ட காலத்தில், கணவருக்குத் தெரியாமல், பதிப்பாளர் ஜார்ஜ் ஸ்மித்திடம் முன்பணம் பெற்று, ஹாம்ப்ஷயரின் ஹோலிபோர்ன் கிராமத்தில் ஒரு வீட்டையே வாங்கினார் இவர். எழுதிச் சம்பாதித்த பணம் எங்கே போகவேண்டும் என்பதில் அவருக்கு ஒரு முடிவு இருந்தது.

இனி டிக்கன்ஸ். மிக அதிகமாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது இதுதான், தேதிகளோடு பார்த்தால் மிகச் சுலபமாகக் கலைவதும் இதுதான். ‘மேரி பார்ட்டன்’ 1848 அக்டோபரில் சாப்மன் அண்ட் ஹால் வெளியீடாக, ஆசிரியர் பெயர் இல்லாமல் வந்தது. உரிமைக்குக் கிடைத்தது 100 பவுண்டு. தாமஸ் கார்லைல் படித்துவிட்டு, எழுதியது பெண் என்று ஊகித்து, பாராட்டுக் கடிதம் அனுப்பினார். டிக்கன்ஸின் அழைப்பு வந்தது 1850 ஜனவரி கடைசியில். அதாவது, ‘ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்’ என்ற புதிய வார இதழைத் தொடங்கவிருந்த ஆசிரியர், ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த நாவலின் ஆசிரியையிடம் கதை கேட்டார். மார்ச் 30இல் வந்த முதல் இதழில் அவருடைய ‘லிசி லீ’ இடம்பெற்றது. இதில் யார் யாருக்குக் கைகொடுத்தது? இருவருக்கும் தேவை இருந்தது என்பதுதான் நேர்மையான பதில்.

அந்த இதழில் எழுதியவர் பெயர் போட மாட்டார்கள். பக்கத்துக்குப் பக்கம் தலைப்பில் இருப்பது நடத்துநரான டிக்கன்ஸின் பெயர் ஒன்றே. விளைவு என்ன தெரியுமா? அமெரிக்காவில் ஹார்ப்பர்ஸ் மாத இதழ் அதே ‘லிசி லீ’யை டிக்கன்ஸ் எழுதியதாகவே அச்சிட்டுவிட்டது. டிக்கன்ஸால் கேஸ்கெலுக்குப் புகழ் வந்தது என்பவர்கள், கேஸ்கெல் எழுதியதால் டிக்கன்ஸ் பெயரில் எவ்வளவு வரவு வைக்கப்பட்டது என்பதையும் எழுதவேண்டும்.

அடுத்தது 1851 டிசம்பர். பின்னால் ‘கிரான்ஃபோர்ட்’ என்ற நாவலான கதைத்தொடரின் முதல் பகுதி. அதில் கேப்டன் பிரௌன், புதிதாக வந்திருக்கும் டிக்கன்ஸின் ‘பிக்விக்’ நாவல் பகுதியைப் படித்தபடி ரயிலடியில் நிற்கிறார். தண்டவாளத்தில் ஒரு குழந்தையைக் கண்டு, அதைக் காப்பாற்றப் பாய்ந்து, ரயிலில் அடிபட்டுச் சாகிறார். தன் பத்திரிகையில் தன் புத்தகத்தையே சிலாகிப்பது நன்றாக இராது என்று டிக்கன்ஸ் அதை எடுத்துவிட்டுத் தாமஸ் ஹுட் பெயரைப் போட்டார். கேஸ்கெல் கதையையே திருப்பிக் கேட்டார். அதற்குள் அச்சாகிவிட்டது. 1853இல் புத்தகமாக வந்தபோது முதல் வேலையாக ‘பிக்விக்’கைப் பழைய இடத்தில் வைத்துவிட்டார். டிக்கன்ஸின் கூச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் கதையில் ஊரின் பழைய ரசனைக்காரியான டெபோரா, டாக்டர் ஜான்சனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேப்டனோடு மல்லுக்கு நிற்கிறாள். அவளுக்கு எதிர்ப்பக்கம் இருக்கவேண்டியது அன்றைய புத்தம்புது எழுத்தான ‘பிக்விக்’தான். கலையின் கணக்கில் சரி கேஸ்கெல் பக்கம்.

1852 கிறிஸ்துமஸ் இதழுக்கு எழுதிய ‘கிழத்தாதியின் கதை’ என்ற பேய்க்கதையின் முடிவை மாற்றச் சொன்னார் டிக்கன்ஸ். ஒருமுறைக்கு மேல் வற்புறுத்தினார். கேஸ்கெல் மாற்றவில்லை. அவர் எழுதியபடியே அச்சானது.

பெரிய மோதல் ‘நார்த் அண்ட் சவுத்’ நாவலில். 1854 செப்டம்பர் 2 முதல் 1855 ஜனவரி 27 வரை வாரந்தோறும் தொடராக வந்தது. அதற்குச் சற்று முன்புதான் அதே இதழில் டிக்கன்ஸின் ‘ஹார்ட் டைம்ஸ்’ முடிந்திருந்தது, அதுவும் ஆலை நகரம்தான். தன் நாவலின் உயிரான வேலைநிறுத்தத்தை அவர் முந்திக்கொண்டு எழுதிவிடுவாரோ என்று கேஸ்கெல் கவலைப்பட்டு விசாரித்தார். தான் அதைத் தொடப்போவதில்லை என்று டிக்கன்ஸ் உறுதி சொன்னார். சொன்னபடியே நடந்தார், அதை மறைக்கக்கூடாது. ஆனால் வாரத் தொடருக்கு ஒவ்வொரு தவணையிலும் ஒரு முடிச்சு, அளவான நீளம் என்று அவர் எதிர்பார்த்தபோது, கேஸ்கெலின் அத்தியாயங்கள் தம் போக்கில் நீண்டன. 20 தவணை 22 ஆனது. விற்பனை சரிந்தபோது டிக்கன்ஸ் பழியை இந்தத் தொடர்மேல் போட்டார். தான் அவருடைய கணவராக இருந்தால் அடித்திருப்பேன் என்ற அளவுக்குத் தன் உதவியாசிரியருக்கு எழுதிய கடிதத்தில் கொதித்தார். இது அவருடைய ரசிகர்கள் அதிகம் எடுத்துக்காட்டாத கடிதம்.

‘நார்த் அண்ட் சவுத்’ என்ற தலைப்பு டிக்கன்ஸின் யோசனை. கேஸ்கெல் மனத்தில் இருந்தது கதாநாயகி மார்கரெட் ஹேலின் பெயர். கதையில் இத்தனை சாவு இருக்கும்போது ‘மரணமும் அதன் வகைகளும்’ என்று வைத்திருக்கலாம் என்று டிக்கன்ஸுக்கே எழுதிவிட்டு விட்டுக்கொடுத்தார். முடிவுப் பகுதியில் விட்டுக்கொடுக்கவில்லை. 1855இல் புத்தகமானபோது, பத்திரிகைக்காகச் சுருக்க வேண்டியிருந்தது என்று முகப்பிலேயே வாசகருக்குச் சொல்லி, புதிய அத்தியாயங்கள் சேர்த்தார். இன்று நாம் படிப்பது அந்த வடிவத்தைத்தான். ஆண்டுகள் கழித்து ஜார்ஜ் ஸ்மித்தின் ‘கார்ன்ஹில்’ இதழ் வந்தபின், கையில் இருந்த ஒரு கதையைப் பற்றி, இது கார்ன்ஹில்லுக்குப் போதாது, டிக்கன்ஸின் இதழுக்கு வேண்டுமானால் போதும் என்று ஸ்மித்துக்கே எழுதினார். ‘கசின் ஃபிலிஸ்’, ‘வைவ்ஸ் அண்ட் டாட்டர்ஸ்’ என்ற தன் மிக நுட்பமான படைப்புகள் இரண்டையும் கார்ன்ஹில்லுக்குக் கொடுத்தார். கைதூக்கிவிடப்பட்டவர் நடந்துகொள்ளும் முறையா இது?

சார்லட் பிராண்டே விஷயத்துக்கு வருவோம். இருவரும் சந்தித்தது 1850 ஆகஸ்டில், விண்டர்மியர் ஏரிக்கரை வீடு ஒன்றில். சார்லட் மூன்று தடவை மான்செஸ்டர் வீட்டில் வந்து தங்கினார். கேஸ்கெல் 1853இல் சார்லட்டின் ஊரான ஹாவொர்த் போனார். இந்த நட்பில் எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் ஒன்று உண்டு. 1853 ஜனவரியில் கேஸ்கெலின் ‘ரூத்’ வெளிவரும் வேளையில் சார்லட்டின் ‘வில்லெட்’ நாவலும் தயாராக இருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று மோதி, விமரிசகர்கள் ஒப்பிட்டு ஒன்றைத் தாழ்த்திவிடக்கூடாது என்று சார்லட் தன் புத்தகத்தை மாதக் கடைசிவரை நிறுத்திவைத்தார். சமமான சகாவுக்கு மட்டுமே ஒரு எழுத்தாளர் இப்படிச் செய்வார்.

1855 மார்ச் 31இல் சார்லட் இறந்தார். வரலாறு எழுதச் சொல்லி அவருடைய வயதான தகப்பனார் கேட்டது கேஸ்கெலை. அதற்குள் ‘மேரி பார்ட்டன்’, ‘கிரான்ஃபோர்ட்’, ‘ரூத்’, ‘நார்த் அண்ட் சவுத்’ நான்கும் வெளிவந்திருந்தன. பெயர் இருந்ததால்தான் கேட்டார்கள். வரலாறு எழுதிப் பெயர் வரவில்லை. ஸ்மித் 600 பவுண்டு தருவதாகச் சொன்னார். உழைப்புக்கு அது காணாது என்று வாதாடி 800 வாங்கினார். 300க்கும் மேற்பட்ட கடிதங்களைத் தோழி எலன் நஸ்ஸியிடமிருந்து பெற்று வாசித்தார். பிரஸ்ஸல்ஸ் வரை போனார். அங்கே சார்லட்டின் ஆசிரியரான எஜே அவரைச் சந்தித்தார், எஜேயின் மனைவி பார்க்க மறுத்தார். சார்லட் எஜேவுக்கு எழுதிய கடிதங்களில் இருந்த காதலை கேஸ்கெல் எழுதாமல் விட்டார். இது குறைதான், குறை என்றே சொல்வோம். சார்லட்டின் கணவர், தகப்பனார், எஜே தம்பதி எல்லோரும் உயிரோடு இருந்த காலம் என்பதையும் சேர்த்துச் சொல்வோம். ஆனால் எல்லாவற்றையும் பூசி மெழுகினார் என்ற பேச்சுக்கு 1857 மே மாதமே பதில். சார்லட்டின் தம்பி பிரான்வெல்லைக் கெடுத்ததாக அவர் எழுதிய சீமாட்டி வழக்குப் போடுவதாக மிரட்டினார். சார்லட் படித்த பள்ளியை நடத்திய பாதிரியாரின் தரப்பு சீறியது. விற்பனையை நிறுத்தி, டைம்ஸ் நாளிதழில் வருத்தம் தெரிவித்து, திருத்திய பதிப்பு கொண்டுவர வேண்டியதாயிற்று. அடக்கமாக எழுதியவருக்கு வரும் தொல்லைகள் அல்ல இவை.

கடைசியாக, மென்மை. 1934இல் டேவிட் செசில் எழுதிய விக்டோரிய நாவலாசிரியர்கள் பற்றிய நூலில், சார்லட் பிராண்டேயும் ஜார்ஜ் எலியட்டும் கழுகுகள், கேஸ்கெல் புறா. பெண் எப்படி இருக்கவேண்டும் என்று அந்தக் காலம் எதிர்பார்த்ததோ அப்படியே இருந்தவர், சிந்தனைக்காரர் இல்லை என்பது அவர் தீர்ப்பு. ‘கிரான்ஃபோர்ட்’ ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டால் இப்படிச் சொல்லத் தோன்றலாம். ‘மேரி பார்ட்டன்’ ஆறாம் அத்தியாயத்தைப் படித்தவர் சொல்ல முடியாது. காய்ச்சலில் கிடக்கும் டேவன்போர்ட்டின் குடும்பம் நிலத்தடி அறையில் இருக்கிறது. ஈரச் செங்கல் தரையில் தெருவின் அழுக்குநீர் ஊறி மேலே வருகிறது, அதில் பிள்ளைகள் உருளுகின்றன. தானும் வயிறு காயும் ஜான் பார்ட்டன் வீட்டுக்கு ஓடி, நல்ல கோட்டையும் சிவப்பும் மஞ்சளுமான பட்டுக் கைக்குட்டையையும் எடுத்துப்போய் ஐந்து ஷில்லிங்குக்கு அடகு வைத்து அவர்களுக்கு ரொட்டி வாங்கிவருகிறான். அந்தக் கைக்குட்டையின் நிறத்தைச் சொல்லியவர், ஏழைக்கும் ஒரு ஆசைப்பொருள் உண்டு என்பதை உள்ளே போய்ப் பார்த்தவர். ‘ரூத்’தில் மணமாகாமல் தாயான தையல்காரப் பெண்ணுக்கு அவர் காட்டிய பரிவைத் தாங்கமுடியாமல், கணவரின் சபையைச் சேர்ந்த இரண்டு பேர் புத்தகத்தைக் கொளுத்தினார்கள். புறாவின் புத்தகத்தை யாரும் கொளுத்துவதில்லை.

செசில் சொன்ன கழுகுகளில் ஒருவரான ஜார்ஜ் எலியட்டுக்கு 1859இல் கேஸ்கெல் ஒரு கடிதம் எழுதினார். எலியட்டின் ‘ஆடம் பீட்’ நாவலை எழுதியது தான்தான் என்று சிலர் சந்தேகித்தது தனக்குப் பெருமை என்றும் அதில் சொல்லியிருந்தார். எலியட் பதில் போட்டார். ‘கிரான்ஃபோர்ட்’, ‘மேரி பார்ட்டன்’ நாவலின் தொடக்க அத்தியாயங்கள் இவற்றில் இருக்கும் வாழ்க்கைப் பார்வையோடு தனக்கு உறவு உண்டு என்று, தன் முதல் புனைகதையை எழுதிக்கொண்டிருந்த நாட்களிலேயே உணர்ந்ததாக அந்தப் பதிலில் ஒப்புக்கொண்டார்.