கடற்கோட்டைக்குப் போவம், அறை எடுக்க மாட்டம்

காரைநகர்க் கடற்கோட்டையை ஒருக்கால் பார்த்திட்டு வருவம் எண்டு தொடங்கின கதை, எங்கட வட்டத்துக்குள்ள இரண்டு கிழமைச் சண்டையாகிவிட்டது. ஒரு பக்கம், "அரசியலை விடுங்கோ, வடிவான இடம், படம் எடுத்திட்டு வருவம்" என்கிறவர்கள். மற்றப் பக்கம், "கடற்படை நடத்துற விடுதிக்குக் காசு குடுத்துப் போறதோ? ஆள விடுங்கோ" என்கிறவர்கள். இரண்டு பக்கத்தோடும் எங்களுக்கு உடன்பாடில்லை.

முதலில், வடிவான இடம் என்கிறவர்களுக்கு. வடிவுதான், மறுக்கவில்லை. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவில், நாலு பக்கமும் கடல் சூழ, முருகைக்கல்லால் கட்டிய எண்கோணக் கோட்டை. போர்த்துக்கேயர் கட்டினது. 1658 இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது, சுற்றிவரக் கடலிருந்தும் குடிக்கத் தண்ணீரில்லாமல் உள்ளேயிருந்தவர்கள் சரணடைந்தார்கள். வென்றவர்கள் வைத்த பெயர்தான் ஹம்மன்ஹீல். இலங்கையின் உருவத்தில் அவர்கள் கண்டது பன்றித் தொடையை; அதன் குதிக்கால் இந்தக் கோட்டையாம். (நாங்கள் இந்தத் தீவை மாங்காய் எண்டும் முத்து எண்டும் பாடிக்கொண்டிருக்க, வந்தவனுக்குப் பசி.) பிரித்தானியர் காலத்தில் அது சிறையானது.

அதோடு முடியவில்லை. 1971 ஏப்ரல் கிளர்ச்சிக்குப் பிறகு, பிடிபட்ட ஜே.வி.பி. இளைஞர்களை இந்தக் கோட்டைக்குள்தான் அடைத்து வைத்தார்கள். தெற்கின் கிராமங்களிலிருந்து வந்த, எங்கள் வயதுப் பெடியள். அந்தக் கிளர்ச்சியை அடக்கும்போது கொல்லப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில். எங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால், "அது சிங்களப் பெடியளின்ர பிரச்சினை" எண்டு ஒரு வசனத்தில் முடித்துவிடுவார்கள். அப்படி முடிக்கலாமா? சரியாக எட்டு வருடம் கழித்து, 1979 இல், பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு யார் யாரையெல்லாம் பிடித்தார்கள் எண்டு எங்களுக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை. இளைஞர்களை அள்ளிக்கொண்டு போய் அடைக்கப் பழகின அரசு, முதலில் தன்னுடைய மொழி பேசுகிற பிள்ளைகளில்தான் பழகிப் பார்த்தது. அந்தப் பழக்கத்தின் ஒரு கட்டடம் எங்கட கடலுக்குள்ள நிற்கிறது.

அந்தக் கட்டடத்தில்தான் இப்போது விடுதி. ஒருகாலத்தில் சிறை என்பது அங்கே மறைக்க வேண்டிய வெட்கமில்லை, ஆக்களை இழுக்கிற விளம்பரம். இதைத்தான் எதிர்க்கிறோம். ஒரு மனிசன் விடியுமோ விடியாதோ எண்டு படுத்திருந்த இடத்தில், இன்னொரு மனிசன் காசு குடுத்து ஒரு இரவுக்குச் சுகமாகப் படுப்பதை உல்லாசம் எண்டு விற்கக்கூடாது. அடைபட்டவன் சிங்களவனா தமிழனா என்பது இதில் கேள்வியே இல்லை.

இனி, போகவே கூடாது என்கிற தோழர்களுக்கு. உங்கட கோபம் எங்களுக்கும் உண்டு. ஆனால் நாங்கள் போகாமல் விட்டால் அந்த இடம் சும்மா கிடக்கப் போவதில்லை. வேறு ஆக்கள் போவார்கள், வேறு ஆக்கள் கதை சொல்லுவார்கள், அதுவே வரலாறாகிவிடும். காரைநகரில் இருக்கிற கடற்படைத் தளத்துக்கு எல்லாளனின் பெயரை வைத்திருக்கிறார்கள் என்பது எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? விலகி நின்றால் பெயரும் போகும், கதையும் போகும்.

யாழ்ப்பாணக் கோட்டையைப் பாருங்கள். பின்னேரம் ஆரும் போய் மதிலில் ஏறிக் காற்று வாங்கலாம். ஏன் இங்கேயும் அப்படி இருக்கக்கூடாது? ஊர்ப் படகோட்டிகள் ஆக்களை ஏற்றி இறக்கட்டும். பகலில் பார்த்துத் திரும்பட்டும். கட்டில்களை வெளியே எடுத்துவிட்டு, 1971 இல் அங்கே ஆரை, எவ்வளவு காலம் வைத்திருந்தார்கள் எண்டு மூன்று மொழியிலும் எழுதி வையுங்கள். இது பெரிய புரட்சிக் கோரிக்கையொன்றுமில்லை. மற்ற நாடுகளில் பழைய சிறைகளைக் காட்டுகிற சாதாரண முறைதான்.

ஆக, எங்கட திட்டம் இது. யாழ்ப்பாணத்திலிருந்து காலையில் வெளிக்கிட்டு, பொன்னாலைப் பாலத்தால் காரைநகர். முதலில் பாதையில் ஏறுவம். தெரியாதவைக்கு: இங்க பாதை எண்டால் றோட்டில்லை, காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் ஆக்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு போற மிதவை. அதில் நிண்டு பார்த்தாலே கோட்டை தெரியும். ஊர்ச்சனம் காலங்காலமாக அதை அப்படித்தான் பார்க்குது. பிறகு கரைக்குத் திரும்பி, கோட்டைக்குப் படகு விட்டால் ஏறிப் பார்ப்பம், கேள்வி கேட்பம், பொழுதுபட முதல் திரும்பிவிடுவம். அறை எடுக்கிறேல்லை. அந்தச் சுவருக்கு முன்னால் பல்லைக் காட்டிச் செல்பி எடுக்கிறேல்லை. வாறவை சோத்துப் பார்சலும் தொப்பியும் கொண்டு வாங்கோ. தண்ணிப் போத்தில் கட்டாயம். 1658 இல் அது இல்லாமல்தான் கோட்டையே விழுந்தது.