அந்த பஸ் எங்கே போகும்?

"பஸ் விட்டா யார் யாரெல்லாம் இங்க வருவாங்கன்னு தெரியும்ல?"

2024 அக்டோபரில் ஒரு பாட்லக் விருந்தில், கையில் தயிர்சாதத் தட்டோடு ஒரு நண்பர் இப்படிக் கேட்டார். காலேஜ் நாட்களில் ஃபுட்போர்டில் தொங்கிக்கொண்டு போன கதையைப் பத்து நிமிடம் முன்புதான் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்திருந்தார் அதே மனிதர்.

நாங்கள் இருப்பது அட்லாண்டாவுக்கு வடகிழக்கே, க்வின்னெட் கவுண்டியில். கவுண்டி என்பதை நம்மூர் மாவட்டம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். 2020 கணக்கெடுப்பின்படி ஒன்பதரை லட்சம் பேர். பஸ்ஸுக்காக டாலருக்கு ஒரு சென்ட் விற்பனை வரி போடலாமா என்று அந்த நவம்பரில் வாக்கெடுப்பு. தோற்றது. அட்லாண்டாவின் மார்ட்டா அமைப்பில் சேர்வதற்கோ, சொந்த பஸ்களைப் பெருக்குவதற்கோ கேட்டபோதெல்லாம் இந்த ஊர் சொன்ன பதில் ஒன்றுதான்: 1971, 1990, 2019, 2020, 2024.

நண்பர் பேசியது அவருடைய சொந்தச் சரக்கு இல்லை. 1971இல் ஃபுல்டன், டிகால்ப் கவுண்டிகள் மார்ட்டாவுக்குச் சரி என்றன. க்வின்னெட்டும் கிளேட்டனும் மாட்டோம் என்றன. காப் கவுண்டி 1965லேயே கழன்றுகொண்டது. அன்று க்வின்னெட்டில் முக்கால் லட்சம் பேர்கூட இல்லை, பெரும்பாலும் வெள்ளையர். மார்ட்டா என்ற பெயரின் எழுத்துகளுக்கு 'ஆப்பிரிக்கர்களை அட்லாண்டாவுக்குள் வேகமாகக் கொண்டுபோவது' என்று விளக்கம் சொல்லிச் சிரிப்பது அந்தக் காலத்து நகைச்சுவை. இன்று இந்தக் கவுண்டியில் வெள்ளையர் பாதிகூட இல்லை. நாம் வந்துவிட்டோம், கொரியர்கள் வந்துவிட்டார்கள், மெக்சிகோக்காரர்கள் வந்துவிட்டார்கள். வீடு வாங்கும்போது கராஜோடு சேர்த்து அந்த பயத்தையும் வாங்கிப்போட்டுக்கொண்டோம் போல.

"க்ரைம் வரும்" என்கிறார்கள். அடுத்தவன் டிவியைத் திருடித் தோளில் சுமந்துகொண்டு, நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் காத்திருந்து, சரியான சில்லறை கொடுத்து ஏறும் திருடனை எனக்கும் பார்க்க ஆசைதான்.

இன்னொரு வாதம் கொஞ்சம் மரியாதையானது: "இருக்கிற பஸ்ஸே காலியாத்தானே ஓடுது?" சரி, யோசிப்போம். ஸ்ரீரங்கத்தில் என் அம்மா ஒன்றாம் நம்பர் பஸ்ஸுக்கு நேரம் பார்த்து இறங்கியதே இல்லை. ஒன்று போனால் பின்னாலேயே இன்னொன்று வரும் என்று அவளுக்குத் தெரியும். அந்த நம்பிக்கைதான் பஸ்ஸை நிரப்புகிறது. க்வின்னெட் 2001இல்தான் பஸ் விடவே ஆரம்பித்தது. 2019 வாக்கெடுப்பு நடந்தபோதும் ஞாயிற்றுக்கிழமை ஒரு வண்டிகூட ஓடவில்லை. நடைபாதையே இல்லாத சாலையோரப் புல்லில் ஒரு கம்பத்தை நட்டு, எப்போதோ ஒரு வண்டி விட்டுவிட்டு, யாரும் ஏறவில்லையே என்றால் எப்படி? பட்டினி போட்டவனே எடை குறைந்துவிட்டதென்று குறை சொல்கிற கதை.

காலி என்பதும் பொய். ப்ளெசன்ட் ஹில் ரோடில் சாயங்காலம் அந்தக் கம்பத்தடியில் நிற்பவர்களைப் பாருங்கள். நம் வீடுகளைத் துடைக்கிற பெண்கள், நாம் கொண்டாடும் பிரியாணிக் கடையில் பாத்திரம் கழுவுகிறவர்கள். அவர்களை நாம் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான்.

பஸ் இல்லையென்றால் என்ன ஆகும் என்று அறிய ஆய்வெல்லாம் வேண்டாம். கிளேட்டன் கவுண்டி 2010 மார்ச் 31இல் தன் பஸ்களை மொத்தமாக நிறுத்தியது. பணமில்லை என்றார்கள். உலகத்திலேயே அதிகப் பயணிகள் வந்துபோகும் விமான நிலையத்தின் பெரும்பகுதி இருக்கிற கவுண்டி அது. அங்கே பெட்டி தூக்குகிறவருக்கு வீடு திரும்ப உள்ளூர் பஸ் கிடையாது. 2014இல் அதே மக்களிடம் அதே ஒரு சென்ட் வரியைக் கேட்டபோது நான்கில் மூன்று பங்குக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் சம்மதித்தார்கள். அடுத்த மார்ச்சில் மார்ட்டா பஸ் வந்துவிட்டது. இழந்து பார்த்தவர்கள் அவர்கள்.

போன வருடம் அம்மா ஆறு மாதம் எங்களோடு இருந்தாள். ஊரில் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு இலவச பஸ்ஸில் தனியாகப் போய்க் கீரை வாங்கி, இரண்டு பேரோடு சண்டை போட்டுவிட்டு வருகிறவள். இங்கே எழுபது வயதில் என் சாவிச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். ஒருநாள் காரில் போகும்போது எதிரே பஸ் வந்தது. குழந்தை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அது எங்கடா போகும்?"

எனக்குத் தெரியவில்லை. பதினோரு வருடமாக இங்கே இருக்கிறேன்.

இதை நண்பரைத் திட்ட மட்டும் எழுதவில்லை. 2020இல் பஸ் தோற்றது சுமார் ஆயிரம் வாக்குகளில், அதுவும் கிட்டத்தட்ட நான்கு லட்சம் பேர் வாக்களித்த தேர்தலில். குடியுரிமை வாங்கி நான் போட்ட முதல் ஓட்டு அது. அதிபர் பெயருக்குக் கட்டம் நிரப்பினேன், செனட்டுக்கு நிரப்பினேன். கடைசியில் ட்ரான்ஸிட் என்று என்னவோ ஒரு கேள்வி இருந்தது. படிக்காமல் விட்டுவிட்டு 'ஐ வோட்டட்' ஸ்டிக்கரோடு செல்ஃபி எடுத்துக்கொண்டேன். அந்த ஆயிரத்தில் ஒருவன் நான்.

பாட்லக் நண்பர் நேற்று வாட்ஸப் குழுவில் போட்டிருந்தார்: "பேரண்ட்ஸ் ஜூன்ல வராங்க. வீக்டேஸ்ல கோயிலுக்குப் போறவங்க யாராவது ரைடு குடுக்க முடியுமா? பாவம், வீட்டுக்குள்ளயே போரடிக்கும்."

ஏழு பேர் கைகூப்பும் பொம்மை போட்டிருந்தார்கள். கூட்டிப்போகிறேன் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.