ஒளிரும் படலம் விளக்கல்ல, காவல்

மின்சாரம் போனதும் இருட்டில் பச்சையாகத் தெரியும் வெளியேறும் வழிப் பலகைகளில் பெரும்பாலும் இருப்பது ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் தூள். 1990களில் ஜப்பானில் மேம்படுத்தப்பட்ட இந்தத் தூள் பல மணி நேரம் ஒளிரும். ஆனால் 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்டுத்தான் அதைச் செய்ய முடியும். யூரோப்பியம், டிஸ்புரோசியம் ஆகிய அரிய மண் தனிமங்களும் வேண்டும். டிஸ்புரோசியம் ஏற்றுமதிக்குச் சீனா 2025 ஏப்ரலில் கட்டுப்பாடு விதித்தது. இந்த உலோகங்கள் எதுவுமின்றி, அறை வெப்பநிலையிலேயே ஒளி பட்ட பின்னும் மின்னும் பாலிமர் படலங்கள் ஆய்வகங்களில் உருவாகியுள்ளன. காகிதம்போல் வளையும் இவற்றை விளக்குக்கு மாற்றாகப் பார்ப்பது தவறு. பொருள்களைக் காக்கும் முத்திரையாகவே இவற்றை வளர்க்க வேண்டும்.

இப்படலங்களில் ஒளிரும் கரிம மூலக்கூறு, வாங்கிய ஒளியை மெல்ல வெளியிடுவதற்குள் அதன் சொந்த அசைவும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் அந்த ஆற்றலைப் பறித்துவிடும். அதனால்தான் 1944இல் வேதியியலாளர்கள் லூயிஸும் காஷாவும் கடுங்குளிரில் இறுகிய கரைசல்களில் இவ்வொளிர்வை ஆராய்ந்தார்கள். இன்று அந்தக் குளிரின் வேலையைப் பாலிவினைல் ஆல்கஹால் செய்கிறது. சலவைத் திரவப் பொட்டலத்தின் கரையும் உறையாக நாம் அறிந்த அதே பொருள், ஹைட்ரஜன் பிணைப்புகளால் மூலக்கூறை அசையாமல் பிடித்துக்கொள்கிறது. இப்படிப்பட்ட படலத்தில் அச்சிட்ட எழுத்தை வெள்ளைத் தாளில் ஒட்டிப் புறஊதா விளக்கைக் காட்டினால் இரண்டுமே பளிச்சிடும். விளக்கை அணைத்ததும் தாளின் நீல ஒளி அக்கணமே மறையும்; எழுத்து மட்டும் ஓரிரு நொடி நின்று தேயும். சாதாரண ஒளிர் மையால் செய்த போலி அங்கேயே பிடிபடும்.

சில நொடி ஒளியால் என்ன பயன் என்று கேட்கலாம். வழி காட்ட அது போதாது, உண்மைதான். அந்த வேலையைப் பழைய தூளே செய்யட்டும். அசலைக் கண்டறிய நொடிகள் போதும். இதைவிட நீண்ட ஒளியும் கிடைக்கும்தான்: ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகம் 2017இல் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒளிரும் கரிமக் கலவையைக் காட்டியது. ஆனால் அது ஆக்சிஜன் இல்லாத சூழலில்தான் இயங்கியது. ஈரம் பட்டால் பாலிமரின் பிணைப்புகள் தளர்ந்து ஒளி அணையும் என்பது இன்னும் வலுவான மறுப்பு. மூடிய மாத்திரைப் புட்டிக்குள் ஈரம் இருப்பதைக் காட்ட இந்தக் குறையே உதவும். வெளியில் ஒட்டும் முத்திரைக்கோ நீர்புகாப் பூச்சு கட்டாயம். ஆகவே ஆய்வுக்குப் பணம் தருவோர், உலர்ந்த அறையில் எடுத்த அழகான படத்தோடு நின்றுவிடக் கூடாது. அடைமழை மாதத்தில் கிடங்கில் கிடந்த படலம் எத்தனை நொடி ஒளிர்ந்தது என்ற கணக்கையும் கேட்டு வாங்க வேண்டும்.