சிதைக்கு ஒரு கூரை

நாமக்கல்லில் 18 அடி உயர ஆஞ்சநேயர் வெயிலும் மழையும் தாங்கி, கூரையின்றி நின்று அருள்கிறார். தெய்வத்துக்குக் கூரை வேண்டியதில்லை; ஏழையின் சிதைக்கு வேண்டும். ஈமத்தீயை மழை அணைக்காதிருக்க, ஜவஹர் வேலைவாய்ப்புத் திட்ட நிதியில் 1995-96இல் சுடுகாட்டுக் கூரைகள் எழுந்தன.

அதில் அரசுக்கு ரூ.23 லட்சம் இழப்பு என வழக்கு எழுந்தது. அன்றைய உள்ளாட்சித் துறை அமைச்சர், சேலம் டி.எம்.செல்வகணபதிக்கு 2014 ஏப்ரல் 17 அன்று சென்னை சி.பி.ஐ. நீதிமன்றம் 2 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. மாநிலங்களவைப் பதவி அகன்றது; அரசியல் வாழ்வே முடிந்ததாகத் தோன்றியது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. 2024இல் சேலம் மக்கள் அவரை மக்களவைக்கு அனுப்பினர்.

சுடலை காத்த அரிச்சந்திரன், தன் மகனின் உடலுக்கும் கட்டணம் கேட்டான். பொதுப்பணம் அத்துணைப் புனிதமானது. குற்றமுடையோர் தப்பலாகாது, குற்றமற்றோர் ஆண்டுக்கணக்கில் பழி சுமக்கவும் ஆகாது. இரண்டுக்கும் காவல் ஒன்றே: அன்றன்றே எழுதி, ஊரார் முன் வைக்கப்படும் கணக்கு.

கோயில் திருப்பணிக்கு உண்டியல் ஏந்துவோரும் இதனை நெஞ்சில் இருத்துவாராக.