நாடி பார்க்க ஒரு நிமிடம் போதும்

நாடாளுமன்றத்தில் இருதய நோய் குறித்து உறுப்பினர் ஒருவர் கேள்வி எழுப்பினால், சுகாதார அமைச்சகப் பதிலின் முதல் வரி பெரும்பாலும் ஒன்றுதான்: பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. அடுத்து மத்திய அரசுத் திட்டங்களின் வரிசை வரும். அவை நல்ல திட்டங்களே. ஆனால், ஒரு திட்டம் முடிந்து மற்றொன்று தொடங்குவதற்கு இடையே தவறி விழும் பெண் நோயாளிகள் பற்றி அந்தப் பதில்களில் எதுவும் இருப்பதில்லை.

இருதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்கி விரியாமல் தாறுமாறாகத் துடிப்பதை 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்கின்றனர் மருத்துவர்கள். மேலறையில் தேங்கும் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளை ரத்தக் குழாயை அடைத்தால் பக்கவாதம். இக்கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத அபாயம் சுமார் 5 மடங்கு அதிகம்.

இதில் ஆண், பெண் வேறுபாடு உலகெங்கும் உண்டு. களைப்பு, படபடப்பு, மூச்சுத் திணறல் ஆகியவை பெண்களிடமே கூடுதல். ஆனால் துடிப்பைச் சீராக்கும் 'அப்லேஷன்' சிகிச்சைக்கு அவர்கள் குறைவாகவும் தாமதமாகவுமே அனுப்பப்படுகின்றனர். களைப்பு என்று வரும் பெண்ணுக்கு இரும்புச்சத்து மாத்திரையும், படபடப்பு என்று வருபவருக்குக் 'கவலைப்படாதீர்கள்' என்ற அறிவுரையும் கிடைப்பது நம் நாட்டிலும் புதிதல்ல. பக்கவாத அபாயத்தைக் கணக்கிடும்போது பெண் என்பதற்கே ஒரு மதிப்பெண் சேர்த்து வந்த ஐரோப்பிய இருதயவியல் கழகம், 2024-இல் அதைக் கைவிட்டது.

இந்தியப் பெண்ணின் சிக்கல் அந்த மதிப்பெண்ணுக்குள் அடங்காது. தொண்டை அழற்சியில் தொடங்கும் ருமாட்டிக் காய்ச்சல், சிறு வயதிலேயே இருதய வால்வுகளைச் சிதைக்கிறது. நெரிசலான வீடும் வறுமையும் அதன் விளைநிலம். 2014-இல் வெளியான பன்னாட்டுப் பதிவேட்டு ஆய்வில், இத்துடிப்புக் கோளாறுடன் வந்த இந்திய நோயாளிகளில் 31.5 சதவீதத்தினருக்கு ருமாட்டிக் இருதய நோய் இருந்தது. வட அமெரிக்காவில் 2.2 சதவீதம் மட்டுமே. இவ்விரண்டு நோய்களும் சேர்ந்த 4,500-க்கும் மேற்பட்டோரிடம் 24 நாடுகளில் நடத்தப்பட்டு 2022-இல் வெளியான ஆய்வில் 72 சதவீதத்தினர் பெண்கள். சராசரி வயது சுமார் 50. மேலை நாடுகளில் இது முதியோர் நோய். இங்கே குடும்பத்தைத் தாங்கும் வயதில் வருவது.

அந்த ஆய்வின் முடிவும் கவனத்துக்குரியது. அடிக்கடி ரத்தப் பரிசோதனை தேவைப்படாத புதிய மருந்தான ரிவராக்ஸாபானைவிட, வார்ஃபரின் வகைப் பழைய மருந்துகளை உட்கொண்டவர்களிடையே மரணங்கள் குறைவு. ஆகவே ருமாட்டிக் நோயாளிகளுக்குப் பழைய மருந்தே கதி. அளவு குறைந்தால் ரத்தம் உறையும், கூடினால் கசியும். எனவே ஏறக்குறைய மாதந்தோறும் 'ஐ.என்.ஆர்.' பரிசோதனை வேண்டும். வார்ஃபரின் கருவைப் பாதிக்கக்கூடியது என்பதால் குழந்தைப்பேறு வயதில் கண்காணிப்பு இன்னும் கூடுதலாகத் தேவை.

மாத்திரை மலிவு. பரிசோதனைக்காக நகரத்துக்குச் சென்று வரும் பேருந்துக் கட்டணமும், இழக்கும் ஒரு நாள் கூலியும் மலிவல்ல. வீட்டில் செலவைக் குறைக்க வேண்டி வந்தால் முதலில் நிற்பது யாருடைய பரிசோதனை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டம் ருமாட்டிக் இருதய நோயையும் கண்டறிகிறது. ஆனால் 18 வயதுடன் அது முடிகிறது. அதன்பின் திருமணமாகி வேறு ஊர் செல்லும் பெண்ணுடன் அவரது மருத்துவக் குறிப்பும், மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போட வேண்டிய பென்சிலின் ஊசியும் சேர்ந்து செல்வதில்லை. 30 வயதில் தொற்றாநோய்ப் பரிசோதனை தொடங்குகிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை, மூவகைப் புற்றுநோய் ஆகியவை அதில் உண்டு. நாடித் துடிப்பின் சீர் இல்லை.

2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை உள்நோயாளிச் செலவை ஏற்கிறது. செயற்கை உலோக வால்வு பொருத்துவதற்கு அரசு பணம் தரும். அந்த வால்வில் ரத்தம் உறையாமல் காக்க ஆயுள் முழுவதும் செய்யவேண்டிய பரிசோதனைக்கு, வீடு திரும்பிய 15 நாள்களுக்குப் பிறகு அதில் வழியில்லை. விசித்திரமான சிக்கனம் இது.

நாடி பிடித்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். விரல் நுனி ரத்தத்தில் ஐ.என்.ஆர். அளக்கும் கருவிகளும் உள்ளன. சுகாதாரத் துறை மானியக் கோரிக்கை அடுத்த முறை அவைக்கு வரும்போது, எத்தனை சமுதாய சுகாதார நிலையங்களில் இக்கருவி உள்ளது என்று உறுப்பினர்கள் கேட்கலாம். பதிலை மாநிலவாரியாகவும், பயன்பெற்றோரை ஆண், பெண் எனப் பிரித்தும் தரும்படி வலியுறுத்தலாம்.