முன்னோர் பத்திரங்களும் பாலாற்றங்கரைக் கிணறுகளும்

பள்ளிகொண்டாவில் ஒரு குடியானவர் வீட்டில், முப்பாட்டனாரின் பத்திரப்பெட்டியைக் கறையான் அரித்திருக்கக் கண்டு வருந்தினேன். கிரயப் பத்திரம், பாகப் பத்திரம், கிஸ்தி ரசீது ஆகியவை வெறுங் காகிதங்களல்ல. ஒரு விவசாயியின் ஜீவிய சரித்திரம் அவற்றில் அடங்கியுள்ளது.

அதை அறிவது கடினமன்று. பசலியுடன் 590 கூட்டினால், அப்பசலி ஜூலையில் தொடங்கிய ஆங்கில வருஷம் கிடைக்கும். பசலி 1286-இல் நிலத்தை ஈடு வைத்திருந்தால், அது 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சகாலம். பின்பு தக்காவிக் கடன் பட்டுக் கிணறு வெட்டியிருந்தால், அவர் மீண்டெழுந்த கதை அது. அடங்கலோ அந்நிலத்தில் விளைந்த பயிரைக் கூறும்.

வமிசப் பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. தோல் பதனிடும் சாலைகளின் கழிவுநீரால் இப்பகுதி நிலமும் நீரும் கெட்டதைச் சுப்ரீம் கோர்ட்டு 1996-ஆம் வருஷத் தீர்ப்பில் எடுத்துரைத்து, நஷ்டஈடு நிர்ணயிக்க ஓர் அதிகார சபை அமைக்க உத்தரவிட்டது. இன்று உப்பாகிவிட்ட கிணறு அன்று நெல் விளைவித்தது என்பதற்கு, பழைய ரிக்கார்டைவிடச் சிறந்த சாட்சி யாது?

ஊர்க் கணக்கை மனப்பாடமாய் அறிந்திருந்த கர்ணங்களின் உத்தியோகமும் 1980-இல் ஒழிந்தது. ஆகையால் நிலச்சுவான்தார்கள் பத்திரங்களை நிழலில் உலர்த்தி, நகலெடுத்து, வசம்பிட்டுப் பெட்டியில் வைப்பார்களாக. பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுவார்களாக. பழைய அடங்கல் தேடி வருவோரைக் கிராம அதிகாரிகள் அலைக்கழியாது உதவுதல் வேண்டும். தன் நிலத்தின் முன்கதை அறியாதவன், அதற்கு நேர்ந்த நஷ்டத்தையும் அறியான்.